தெர்மோபிளாஸ்டிக் காம்போசிட்டை லேசரால் சூடாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துவாஸில் குழாய் சுற்றும் இயந்திரம் ஓட்டுபவர்கள், சிலேத்தார் பக்கம் விமானப் பாக வேலையில் இருப்பவர்கள், பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ திட்டப்பணிக்காக முதல்முறையாக டேப் ரோபோவின் முன் நிற்பவர்கள் ஆகியோருக்காக எழுதியது. வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில்.

லேசர் டேப் வேலையில் சரியாக என்ன நடக்கிறது?

கார்பன் அல்லது கண்ணாடி இழைகளை ஒரே திசையில் வைத்து, பீக், பிபிஎஸ், நைலான் போன்ற உருகும் பிளாஸ்டிக்கில் தோய்த்த டேப் ரீலாக வருகிறது. தடிமன் பெரும்பாலும் 0.14 மி.மீ. அளவில் இருக்கும். அகலம் 6.35, 12.7 அல்லது 25.4 மி.மீ. ரோபோ கையின் முனையில் உள்ள ஹெட் இந்த டேப்பை, ஏற்கெனவே போட்ட அடுக்கின் மேல் இழுத்து வைத்து ரோலரால் அழுத்துகிறது. புது டேப்பும் கீழ் அடுக்கும் சந்திக்கும் கோட்டுக்கு நிப் என்று பெயர். நிப்புக்குச் சற்று முன்னால் இரண்டு முகங்களின் மேலும் லேசர் விழுகிறது. பிளாஸ்டிக் உருகுகிறது, ரோலர் அழுத்துகிறது, ரோலர் கடந்ததும் இறுகிவிடுகிறது. எப்பாக்ஸியைப் போல வேதிவினை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கேட்க எளிதாக இருக்கும். சிக்கல் எல்லாம் சூடேறும் அந்த அரை நொடிக்குள், அதைவிட அழுத்தம் விழும் அந்தச் சில நூறில் ஒரு பங்கு நொடிக்குள் இருக்கிறது.

வெப்பக்காற்று போதாதா? லேசர் எதற்கு?

நைட்ரஜனைச் சூடாக்கி ஊதும் டார்ச் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. விலை குறைவு, கண்ணுக்கு ஆபத்தும் இல்லை. ஆனால் வாயுவிலிருந்து பரப்புக்கு வெப்பம் மெதுவாகத்தான் ஏறும். அதனால் வேகத்தைக் கூட்டினால் முதலில் காலை வாருவது டார்ச்தான். ஹெட் நின்றாலும் டார்ச் உடனே ஆறாது, நின்ற இடத்தில் பொருள் கருகும். லேசரின் பவரை மில்லிநொடிகளில் ஏற்றி இறக்கலாம். வெப்பம் எங்கே விழ வேண்டும் என்பதையும் கற்றையின் வடிவத்தால் தீர்மானிக்கலாம். நல்ல லேசர் ஹெட் நொடிக்குச் சில நூறு மி.மீ. வேகத்தில் ஓடும்.

இரண்டுக்கும் நடுவே செனான் பளிச்சொளி விளக்கு இருக்கிறது. ஹெரேயஸ் நிறுவனம் உருவாக்கிய ஹம்3 இந்த வகை. லேசர் அறை கட்ட இடமோ பணமோ இல்லாத பட்டறை முதலில் இதை விசாரிப்பது நல்லது. எல்லோருக்கும் லேசர் வேண்டும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஒளியை உறிஞ்சுவது பிளாஸ்டிக்கா, இழையா?

புழக்கத்தில் உள்ள டயோடு லேசர்கள் 900 முதல் 1,000 நானோமீட்டர் வரையிலும், ஃபைபர் லேசர்கள் 1,070 அருகிலும் வேலை செய்கின்றன. இந்த அலைநீளத்தில் பீக், நைலான் எல்லாமே ஓரளவு ஒளி புகும் பொருள்கள். உறிஞ்சுவது கார்பன் இழைதான். ஒளி பரப்பிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக்கைத் தாண்டி முதல் சில இழைகளில் நின்றுவிடும். இழை சூடாகி, தன்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை உருக்கும்.

இதனால் இரண்டு விளைவுகள். டேப்பின் பரப்பில் இழை சீராக இல்லாமல் ஓரிடம் பிளாஸ்டிக் மிகுந்தும் ஓரிடம் இழை வெளியே தெரிந்தும் இருந்தால், ஒரே லேசரின் கீழ் ஒரே சூடு ஏறாது. அடுத்தது கண்ணாடி இழை. அதுவும் இந்த அலைநீளத்தை விட்டுவிடும். கண்ணாடி இழை டேப்பைக் கார்பன் பிளாக் கலந்து கறுப்பாக வாங்குங்கள். வெள்ளை டேப்பை வாங்கிவிட்டு லேசரில் பவர் போதவில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. கரியமில வாயு லேசரின் 10.6 மைக்ரோமீட்டர் ஒளியைப் பிளாஸ்டிக்கே பரப்பில் உறிஞ்சும். ஆனால் அந்த ஒளியைச் சாதாரண ஒளியிழைக் கம்பியில் கொண்டுபோக முடியாது, கண்ணாடிகளால் திருப்பித் திருப்பித்தான் அனுப்ப வேண்டும். ரோபோ கையில் அது பெரிய தலைவலி.

எத்தனை வாட் வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டேப் கார்பன்/பீக், அகலம் 25 மி.மீ., தடிமன் 0.14 மி.மீ., வேகம் நொடிக்கு 200 மி.மீ. ஒரு நொடியில் நிப்புக்குள் போகும் டேப் 0.7 கன செ.மீ., அதாவது ஏறத்தாழ 1.1 கிராம். 20 டிகிரியிலிருந்து 400 டிகிரிக்கு ஏற்ற, வெப்ப ஏற்புத்திறனைக் கிராமுக்கு, டிகிரிக்கு 1.4 ஜூல் என்று வைத்தால், சுமார் 600 வாட். படிகங்களை உருக்கும் வெப்பம் 15 வாட் அளவில்தான் வரும், விட்டுவிடலாம்.

கீழ் அடுக்கு அப்படியில்லை. அது தடிமனானது. மேல்பரப்பில் ஏற்றும் வெப்பம் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். லேசர் 40 மி.மீ. நீளத்துக்கு விழுந்தால் ஒவ்வொரு புள்ளியும் 0.2 நொடி சூடாகும். அந்த நேரத்தில் பரப்பை 400 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 950 வாட் உறிஞ்சப்பட வேண்டும். இரண்டும் சேர்ந்து 1,550 வாட். எதிரொளிப்பு, ஓரத்தில் சிந்துவது எல்லாம் சேர்த்தால் 2 கிலோவாட்டுக்குக் குறைந்த லேசரால் இந்த வேகத்தை நிம்மதியாக ஓட்ட முடியாது.

டேப்பை அடுக்கும் அச்சை (மோல்டை) 180 டிகிரிக்குச் சூடாக்கி வைத்தால் கீழ் அடுக்குக்கான தேவை 550 வாட்டாக இறங்கிவிடும். கூடுதல் லேசருக்குச் செலவழிப்பதா, சூடேறும் அச்சுக்குச் செலவழிப்பதா என்று யோசிப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். நாங்கள் அச்சின் பக்கம். காரணம் கீழே படிகத்தன்மை பற்றிய பதிலில் இருக்கிறது.

வேகத்தை இரண்டு மடங்காக்கினால் பவரையும் இரண்டு மடங்காக்கினால் சரியா?

டேப்புக்கு ஏறத்தாழ சரி, கீழ் அடுக்குக்குத் தவறு. டேப் மெல்லியது, அதன் ஊடே வெப்பம் பரவ 0.06 நொடி போதும். ஆகவே அது முழுத் தடிமனும் சேர்ந்து சூடாகிறது, தேவையான பவர் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். கீழ் அடுக்கிலோ குறைந்த நேரத்தில் வெப்பம் ஆழமாக இறங்காது. அதனால் அங்கே தேவை வேகத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் பவர் 1.4 மடங்கு.

ஆக மொத்தப் பவரை இரட்டித்தால் கீழ் அடுக்கு கருகும். 1.4 மடங்கோடு நிறுத்தினால் டேப் உருகாது. வேகம் மாறும்போது பவரோடு, இரண்டு முகங்களுக்கும் போகும் பங்கும் மாற வேண்டும். கற்றையின் சாய்வை நகர்த்தும் வசதியோ, தனித்தனி மண்டலங்களாகப் பவர் கொடுக்கும் விக்செல் வகை லேசரோ இருந்தால் இதைச் செய்யலாம். இல்லையென்றால் ஒரே வேகத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கு மட்டும் அளவுகளைச் சரிசெய்து ஓட்டுங்கள். மூலைகளில் ரோபோ தானாக வேகம் குறைப்பதை மறந்துவிடாதீர்கள். கருகிய தடங்கள் பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.

எந்தப் பிளாஸ்டிக்குக்கு எத்தனை டிகிரி?

உருகுநிலைகள்: நைலான் 12 சுமார் 178, நைலான் 6 சுமார் 220, பிபிஎஸ் 280 முதல் 285, பீக்கின் குடும்பத்தைச் சேர்ந்த குறைந்த உருகுநிலைப் பேக் 305, பீக் 343. நிப்பில் இதைவிட 40 முதல் 80 டிகிரி வரை கூடுதலாக வைத்துத் தொடங்குவது வழக்கம். பீக்குக்கு 380 முதல் 420 வரை என்பது அப்படி வந்த எண்தான். அடுப்பில் மணிக்கணக்கில் வைத்தால் கெட்டுப்போகும் வெப்பநிலையைக்கூட லேசரின் கீழ் அரை நொடிக்குப் பிளாஸ்டிக் தாங்கிவிடும். ஆகவே கொஞ்சம் மிகையாகப் போவதில் பெரிய பயம் வேண்டாம். புகை வந்தால் மட்டும் நிறுத்துங்கள். புகை லென்ஸில் படியும், படிந்த லென்ஸ் ஒளியை உறிஞ்சும், சூடாகும், வெடிக்கும். லென்ஸின் முன் காற்றுத்திரையும் பக்கத்தில் புகை உறிஞ்சியும் கட்டாயம்.

ஹெட்டைப் பார்க்கும் வெப்பக் கேமரா 400 டிகிரி காட்டுகிறது. ஆனாலும் அடுக்கு கையால் உரிந்து வருகிறது. ஏன்?

எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பதில் ஒன்றல்ல.

முதலில் நிழலைப் பாருங்கள். ரோலரின் வளைவு கற்றையை மறைப்பதால், நிப்புக்கு முன்னால் சில மி.மீ. நீளத்துக்கு லேசர் விழாது. மென்மையான சிலிக்கோன் ரோலர் அழுத்தத்தில் பிதுங்கும்போது இந்த நிழல் இன்னும் நீளும். மேலே சொன்ன அதே எடுத்துக்காட்டில், லேசர் விழுவது நின்றபின் 5 மி.மீ. தூரம் கடக்க 0.025 நொடி ஆகும். அவ்வளவு சிறிய நேரத்தில் கீழ் அடுக்கின் பரப்பு 400இலிருந்து ஏறத்தாழ 290 டிகிரிக்கு இறங்கிவிடும் என்கிறது எளிய வெப்பக் கடத்தல் கணக்கு. வெப்பம் காற்றில் போகவில்லை, அடியிலுள்ள குளிர்ந்த அடுக்குகளுக்குள் இறங்குகிறது. பீக் உருகுவது 343இல். கேமராவில் தெரிந்த உச்சம் உண்மைதான், ஆனால் ரோலர் அழுத்தும்போது பரப்பு உறைந்துபோயிருக்கிறது. உண்மையில் ஒளி சற்று ஆழம்வரை போய் உறிஞ்சப்படுவதால் இறக்கம் இதைவிடக் கொஞ்சம் குறையலாம். 2 மி.மீ. நிழலுக்கே 70 டிகிரிக்கு மேல் போகும் என்பதால் அந்தக் கொஞ்சத்தை நம்ப வேண்டாம். லேசரின் படுகோணத்தை மாற்றி நிப்புக்கு நெருக்கமாக ஒளியைக் கொண்டுபோங்கள், அல்லது அச்சைச் சூடாக்குங்கள். சூடான அடிப்பகுதிக்குள் வெப்பம் அத்தனை வேகமாக இறங்காது.

அடுத்தது எதிரொளிப்பு. நேராக விழுந்தால் 6 விழுக்காடு அளவுக்குத் திரும்பும் ஒளி, செங்குத்திலிருந்து 70 டிகிரி சாய்ந்து விழுந்தால் ஐந்தில் ஒரு பங்கும், 80 டிகிரி சாய்ந்தால் ஐந்தில் இரண்டு பங்கும் திரும்பும். திரும்பிய ஒளி வீணாவதில்லை, பெரும்பாலும் நிப்பின் ஆப்பு வடிவ இடுக்குக்குள் போய் எதிர் முகத்தில் விழுகிறது. இது நன்மைதான், நிழலுக்குள் கொஞ்சம் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. ஆனால் இழைகள் ஒளியை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சிதறடிப்பதில்லை. ஒளி வரும் திசைக்கு இணையாக இழை இருந்தால் ஒரு மாதிரி, குறுக்காக இருந்தால் வேறு மாதிரி. இழை 0 டிகிரி கோணத்தில் உள்ள அடுக்கின் மேல் சரியாக ஒட்டிய அதே அளவுகள், 90 டிகிரி கோணத்தில் உள்ள அடுக்கின் மேல் ஒட்டாமல் போவது இதனால்.

மூன்றாவது, கேமராவே. உமிழ்திறனை (பரப்பு வெப்பக்கதிரை எவ்வளவு நன்றாக வெளிவிடுகிறது என்ற அளவை) 0.9 என்று வைத்திருப்பீர்கள். சாய்ந்த கோணத்தில் பார்க்கும்போது அது குறையும், கேமரா குறைத்துக் காட்டும். நிப்புக்குள்ளோ இரண்டு சூடான முகங்கள் ஒன்றையொன்று பார்ப்பதால் கூட்டிக் காட்டும். ஒரே படத்தில் இரண்டு பிழையும் இருக்கும். 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரை பார்க்கும் நீளலைக் கேமராவை வாங்கினால் சிதறிய லேசர் ஒளி அதைக் குழப்பாது. 1 மைக்ரோமீட்டர் ஒளியில் பார்க்கும் பைரோமீட்டரை (தொடாமல் அளக்கும் வெப்பமானியை) தடுப்பு வடிகட்டி இல்லாமல் வைத்தால் அது லேசரைத்தான் அளக்கும்.

சரிபார்க்கும் வழி இது. 0.08 மி.மீ. கம்பியாலான கே வகைத் தெர்மோகப்பிளை (கம்பி வெப்ப உணரியை) மேல் அடுக்குக்கு அடியில், ஓர் அடுக்கு ஆழத்தில் புதைத்து வையுங்கள். பரப்பின் மேல் ஒட்டினால் லேசர் கம்பியையே நேராகச் சுடும், எண் பொய்யாகும். அதே தடத்தின் மேல் மூன்று வேகங்களில் ஓட்டி, ரோலர் மேலே வரும் கணத்தில் என்ன வெப்பநிலை என்று பாருங்கள். கேமரா காட்டும் எண்ணுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஹெட்டுக்கே உரியது, ஓரளவு மாறாமல் இருக்கும். அதைப் பிடித்துவிட்டால் பிறகு கேமராவை நம்பி ஓட்டலாம்.

டேப்பின் ஓரங்கள் மட்டும் ஒட்டாமல் நிற்கின்றன.

கற்றையின் அகலத்தை அளந்து பாருங்கள். டேப்பைவிடக் குறுகலாக இருந்தால் ஓரம் குளிரும். டேப் வழிகாட்டியில் அரை மி.மீ. ஆடினாலே ஓர் ஓரம் வெளியே போய்விடும். இருபுறமும் 1 மி.மீ. கூடுதலாக வைப்பது நல்லது. அதற்கு மேல் போனால் பக்கத்துத் தடத்தை மறுபடி உருக்கி, அழுத்தமில்லாமல் உப்பவைத்துவிடுவீர்கள். கற்றையின் வெளிச்சம் நடுவில் குவிந்தில்லாமல் விளிம்புவரை தட்டையாக இருக்கிறதா என்பதையும் லேசர் விற்றவரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

எந்த ரோலர்? எவ்வளவு அழுத்தம்?

எஃகு ரோலர் வெப்பத்தை உறிஞ்சித் தள்ளும், தட்டையான பலகைக்கும் குழாய்க்கும் பொருந்தும், ஆனால் தொடும் நீளம் மிகக் குறைவு. சிலிக்கோன் ரோலர் மேடு பள்ளத்துக்கு வளைந்து கொடுக்கும், 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் தொடும். நொடிக்கு 200 மி.மீ. வேகத்தில் அந்த 10 மி.மீ. என்பது 0.05 நொடி. அவ்வளவுதான் அழுத்தம் கிடைக்கும் நேரம். நீண்ட ஓட்டத்தில் சிலிக்கோன் சூடாகி மென்மையாகும், பரப்பு பொரியும், உருகிய பிளாஸ்டிக் ஒட்டிக்கொள்ளும். உள்ளே காற்றாலோ நீராலோ குளிர்விக்கும் வசதி வேண்டும். உதிரி ரோலர் இரண்டு கையில் இருக்கட்டும்.

அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதால் ஒட்டுதல் கூடிக்கொண்டே போகாது. ஓர் எல்லைக்கு மேல் இழைதான் பக்கவாட்டில் ஒதுங்கும்.

மலிவான டேப்பை வாங்கி லேசரைக் கூட்டிச் சமாளிக்க முடியுமா?

முடியாது. ஒட்டுதல் இரண்டு கட்டங்களில் நடக்கிறது. இரண்டு முகங்களும் உண்மையிலேயே தொட வேண்டும். தொட்ட இடத்தில் பாலிமர்ச் சங்கிலிகள் எல்லையைக் கடந்து பின்னிக்கொள்ள வேண்டும். உருகுநிலைக்கு மேல் இரண்டாவது கட்டம் மிக விரைவாக முடிந்துவிடும். இழுபறி முதல் கட்டத்தில்தான். சொரசொரப்பான பரப்பு 0.05 நொடி அழுத்தத்தில் தட்டையாகாது. ஆட்டோகிளேவில் (அழுத்தமும் சேர்த்துக் கொடுக்கும் அடுப்பில்) போட்டால் மறைந்துவிடும் குறைகள் எல்லாம் லேசர் டேப்பில் அப்படியே தங்கிவிடும்.

டேப் வாங்கும்போது வெட்டுமுகப் படம் கேளுங்கள். உள்ளே துளைகள் மிகக் குறைவாக, பரப்பில் பிளாஸ்டிக் படலம் சீராக, அகலம் மாறாமல் இருக்க வேண்டும். விலை கூடத்தான் இருக்கும்.

சூடானதும் டேப் உப்பி, பரப்பில் இழை துருத்திக்கொண்டு நிற்கிறது. என்ன காரணம்?

டேப் தயாரிக்கும்போது இழைகள் அழுத்தத்தில் படிந்து, அப்படியே உறைந்திருக்கின்றன. லேசர் உருக்கியதும் பிடி விட்டுப்போகிறது, இழைகள் விரிகின்றன, உள்ளிருக்கும் துளைகள் பெரிதாகின்றன. ரோலர் வருவதற்குள் டேப் தடித்து, பரப்பிலிருந்த பிளாஸ்டிக் உள்ளே இறங்கிவிடும். சூடேறும் நீளத்தைக் குறைத்து, அதே சூட்டைக் குறைந்த நேரத்தில் கொடுத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் இது இரண்டு மடங்கு மோசமாகும்.

சிங்கப்பூர் ஈரப்பதம் இதில் எவ்வளவு கெடுக்கும்?

இழையை எப்பாக்ஸியில் முன்பே தோய்த்த பிரிப்ரெக்கைப் போல இந்த டேப்பை மைனஸ் 18 டிகிரியில் வைக்க வேண்டியதில்லை. அறையிலேயே ஆண்டுக்கணக்கில் இருக்கும். அந்த நிம்மதியில் ரீலைத் திறந்தே போட்டுவிடுவார்கள். பிபிஎஸ், பீக் என்றால் பரவாயில்லை, அவை ஈரம் குடிப்பது அரை விழுக்காட்டுக்கும் கீழ். நைலான் 6 அப்படியில்லை. அறைக் காற்றிலேயே பிளாஸ்டிக்கின் எடையில் 2.5 முதல் 3 விழுக்காடு நீரை இழுத்துக்கொள்ளும், இங்குள்ள வெளிக்காற்றில் இன்னும் கூட. 250 டிகிரியில் அந்த நீர் நொடிக்குள் நீராவியாகி டேப்பை நுரையாக்கும். 80 டிகிரியில், முடிந்தால் வெற்றிட அடுப்பில், ஓர் இரவு உலர்த்தி, அலுமினியப் பையில் அடைத்து வையுங்கள். ஹெட்டில் மாட்டியபின் ரீலைச் சுற்றி மூடியிட்டு உலர்காற்று விடுங்கள்.

டேப்பைவிட அதிகம் அடிபடுவது லேசர்தான். டயோடு லேசர்களைக் குளிர்விக்கும் நீரைப் பலர் 20 டிகிரி அளவில் வைக்கிறார்கள். குளிர்சாதனம் இல்லாத பட்டறையில் இங்கே பனிநிலை 24, 25 டிகிரி. நீர்க்குழாயும் டயோடு தாங்கியும் ஒளிக்கண்ணாடியும் அதைவிடக் குளிர்ந்திருந்தால் அவற்றின் மேல் நீர் முத்து முத்தாகக் கட்டும். ஈரமான கண்ணாடியின் மேல் கிலோவாட் கணக்கில் ஒளி போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. வெயிலில் கதவைத் திறந்து சரக்கு இறக்கிய பத்து நிமிடத்தில்கூட இது நடக்கும். பெட்டிக்குள் உலர்காற்றும் ஈரமானியும் வையுங்கள், பனிநிலை குளிர்நீரின் வெப்பநிலையைத் தாண்டினால் லேசர் தானாக நிற்கும்படி இணையுங்கள். தயாரிப்பாளர் அனுமதித்தால் நீரின் வெப்பநிலையை இரண்டு மூன்று டிகிரி ஏற்றலாம். அலைநீளம் டிகிரிக்கு 0.3 நானோமீட்டர் அளவில்தான் நகரும், கார்பனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

படிகத்தன்மை குறைவாக வருகிறது என்கிறார்கள். கவலைப்பட வேண்டுமா?

பாகம் எங்கே போகப்போகிறது என்பதைப் பொறுத்தது. மெதுவாக ஆறிய பீக்கில் 30 முதல் 35 விழுக்காடு படிகம் இருக்கும். லேசர் டேப்பில் ரோலர் தொட்டதும் நொடிக்குப் பல நூறு டிகிரி என்ற கணக்கில் வெப்பம் இறங்குவதால், குளிர்ந்த அச்சில் அதைவிட வெகுவாகக் குறையும். படிகம் குறைந்த பீக் விரிசலைத் தாங்குவதில் மோசமில்லை, சில சோதனைகளில் நன்றாகவே நிற்கும். ஆனால் 143 டிகிரியைத் தாண்டினால் இளகும், எண்ணெய், கரைப்பான்களை எதிர்க்கும் திறனும் குறையும். கடலடிக் குழாய்க்கும் இயந்திர அருகு பாகத்துக்கும் அது ஒத்துவராது.

அச்சை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி வைப்பது ஒரு வழி. அடுக்குகள் படிகம் வளரும் வெப்பநிலையிலேயே கிடக்கும், உள் இறுக்கமும் குறையும். முடித்தபின் அடுப்பில் 200 முதல் 250 டிகிரியில் பதப்படுத்துவது இன்னொரு வழி. பாகத்தை அச்சோடு இறுகப் பிடித்துப் பதப்படுத்துங்கள், இல்லையென்றால் முறுக்கிக்கொண்டு வெளியே வரும்.

முதல் அடுக்கு அச்சில் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

வெறும் உலோகம் லேசரைத் திருப்பியடிக்கும், மீதி வெப்பத்தை விழுங்கிவிடும். பாலிமைடு படலத்தை வெற்றிடத்தால் அச்சோடு இழுத்துப் பிடித்து, அதன் மேல் அதே பிளாஸ்டிக்கின் மெல்லிய தகடை வைத்து, சூடான அச்சில் மெதுவாக முதல் அடுக்கைப் போடுங்கள். திருப்பியடிக்கும் ஒளி எங்கே போகிறது என்றும் பாருங்கள். கேபிள் உறை கருகிய பிறகு பார்ப்பதைவிட முன்பே பார்ப்பது மேல்.

குழாய் சுற்றும்போது முதல் சில அடுக்கு நன்றாக இருந்து பிறகு கருகுகிறது.

200 மி.மீ. விட்டமுள்ள குழாயின் சுற்றளவு 628 மி.மீ. நொடிக்கு 200 மி.மீ. வேகத்தில் அதே இடம் மூன்று நொடியில் மறுபடி லேசரின் கீழ் வந்துவிடும், இன்னும் ஆறாமல். அடுக்குக்கு அடுக்கு பவரைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கேமரா எண்ணைக் கொண்டு பவரைத் தானாகச் சரிசெய்யும் கட்டுப்பாடு இருந்தால் இந்த வேலை மிச்சம். தொடங்கும் இடத்தில் டேப்பின் முதல் சில செ.மீ. குளிர்ந்தே போகும், நிறுத்தும் இடத்தில் கருகும். இரண்டையும் வெட்டி எறியும் நீளத்துக்குள் தள்ளிவிடுங்கள்.

ஆட்டோகிளேவே வேண்டாம், லேசரோடு முடித்துவிடலாம் என்பது உண்மையா?

குழாய், உருளை, அழுத்தக் கலன்: பெரும்பாலும் ஆம். இங்கிலாந்தின் மேக்மா குளோபல், கடலடிக்கான கார்பன்/பீக் குழாயை லேசரால்தான் உருவாக்கியது. 2021இல் அதை டெக்னிப்எஃப்எம்சி வாங்கிக்கொண்டது. சுற்றும்போது கிடைக்கும் இழுவிசையும் வளைந்த பரப்பும் அங்கே கைகொடுக்கின்றன.

விமானத்தின் முதன்மைப் பாகம் என்றால் பதில் அவ்வளவு எளிதல்ல. ஐரோப்பாவின் கிளீன் ஸ்கை 2 திட்டத்தில் 8 மீட்டர் நீளம், ஏறத்தாழ 4 மீட்டர் விட்டத்தில் ஒரு விமான உடல் மாதிரி செய்தார்கள். மேல் ஓட்டின் தோலை ஜெர்மன் விண்வெளி மையத்தின் ஆக்ஸ்பர்க் கிளை, குறைந்த உருகுநிலைப் பேக் டேப்பில், ஆட்டோகிளேவ் இல்லாமல் லேசரோடு முடித்தது. கீழ் ஓட்டின் தோலோ ஆட்டோகிளேவுக்குள் போய் வந்தது. ஒரே மாதிரியில் இரண்டு வழியும் இருப்பதே இன்றைய நிலையைச் சொல்கிறது. சிறிய பட்டறைக்கு எங்கள் ஆலோசனை: லேசரால் வேகமாக அடுக்கி, வெற்றிடப் பையில் அடுப்பேற்றி முடியுங்கள். அடுக்கும்போது வேகத்தையும் கூட்டலாம், துளைகளை 1 விழுக்காட்டுக்குள்ளும் கொண்டுவரலாம்.

அனுமதி, பாதுகாப்பு?

இவை கிளாஸ் 4 லேசர்கள். சிங்கப்பூரில் உயர்சக்தி லேசர்கள் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிம வரம்புக்குள் வருகின்றன. இயந்திரம் கப்பலேறும் முன்பே விற்பவரோடு பேசி, இறக்குமதி, வைத்திருத்தல், இயக்குதல் ஆகியவற்றில் எதற்கெல்லாம் உரிமம் தேவை என்று வாரியத்திடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். 980 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரைவரை போகும். அச்சில் பட்டுச் சிதறியதே போதும். ஒளி கசியாத அறை, கதவோடு இணைந்த தானியங்கி நிறுத்தம், அந்த அலைநீளத்துக்கென்றே முத்திரையிட்ட கண்ணாடி மூன்றும் வேண்டும். கரியமில வாயு லேசருக்கு வாங்கிய கண்ணாடி இங்கே சும்மா பிளாஸ்டிக்தான். பழுதுபார்க்க உறையைக் கழற்றும் நேரம்தான் அதிக ஆபத்து. கார்பன் தூசு மின்சாரம் கடத்தும், மின்பெட்டியின் காற்று வடிகட்டியையும் கவனியுங்கள்.

நன்றாக ஒட்டியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் துளையையும் பிரிவையும் காட்டும். தொட்டுக்கொண்டு பலவீனமாக ஒட்டியிருப்பதைக் காட்டாது. அதனால் அளவுகளைத் தேடும் கட்டத்தில் உரித்துப் பார்ப்பதே வழி. இரண்டு அடுக்குத் துண்டுகளை மூன்று வெப்பநிலை, மூன்று வேகத்தில் போட்டு, ஆப்பு வைத்தோ உருளையில் வளைத்தோ உரியுங்கள். உரிந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பளபளவென்று வழுக்கையாக இருந்தால் உருகவேயில்லை. கோடு கோடாக ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தால் தொடுதல் போதவில்லை, ரோலரையும் டேப்பையும் பாருங்கள். இழை பிய்ந்து இரண்டு முகத்திலும் ஒட்டியிருந்தால் நல்லது. பிறகு தடித்த பலகை செய்து, ஏஎஸ்டிஎம் டி2344 முறைப்படி குறுந்துண்டு வெட்டுவலிமை பார்த்து, அதே டேப்பை ஆட்டோகிளேவில் செய்த பலகையோடு ஒப்பிடுங்கள்.

சரியாக ஒட்டாத அடுக்கை மறுபடி சூடாக்கிச் சரிசெய்ய முடியுமா?

மேல் அடுக்காக இருந்தால் முடியும். டேப் போடாமல் ஹெட்டை அதே தடத்தில், குறைந்த வேகத்தில், லேசரும் ரோலருமாக இன்னொரு முறை ஓட்டுங்கள். பரப்பு தட்டையாகும், அடுத்த அடுக்கும் நன்றாகப் பிடிக்கும். ஒன்றிரண்டு அடுக்குக்குக் கீழே பிரிந்திருந்தால் மேலிருந்து லேசரால் எட்ட முடியாது. எட்டும்வரை சூடாக்கினால் மேல் அடுக்கு கருகிவிடும். அப்படிப்பட்ட பலகையை வெற்றிடப் பையில் போட்டு அடுப்பேற்றுங்கள், அல்லது வெட்டிச் சோதனைத் துண்டாக்குங்கள்.